சித்திரை வெயிலில் சில்லென்று பீர்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதத்தில் கடை ஜன்னலில் கையை நீட்டி “கூலிங் இருக்கா?” என்று கேட்டால், “அது பன்னெண்டரைக்கே முடிஞ்சு போச்சுண்ணா, இப்படியே எடுத்துக்கறீங்களா?” என்று பதில் வரும். கடை திறப்பதே பன்னிரண்டு மணிக்கு. விற்பவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லாரியில் வெயிலோடு வந்திறங்கும் பெட்டிகளை ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் எப்படி அரை நாளில் குளிர வைக்கும்? நம் ஊரில் பீரைக் குளிர வைப்பது வாங்குகிறவர் வேலை என்று எடுத்துக்கொண்டால் மனதுக்கும் நல்லது, பீருக்கும் நல்லது.

நான் இந்த வேலையை இருபது வருடமாகச் செய்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் காய் பறிப்பு முடிகிற அன்று மாமன், மச்சான், பங்காளி என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பிரியாணி பெரிய மாமா பொறுப்பு, பீர் என் பொறுப்பு. வெந்நீர் மாதிரி ஊற்றித் திட்டு வாங்கியிருக்கிறேன், ஃப்ரீசரில் வெடிக்கவும் விட்டிருக்கிறேன். கடைசியில் புரிந்தது இதுதான்: வெறும் ஐஸை நம்பக்கூடாது, ஐஸ் போட்ட தண்ணீரை நம்ப வேண்டும். கீழே வருவதெல்லாம் அதன் விரிவுரைதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வெயில் காலத்தில் நம் கைக்கு வரும் 650 மில்லி பாட்டில் 35 டிகிரியில் இருக்கும். குடிக்கத் தோதானது 5 டிகிரி. ஆக 30 டிகிரி இறக்க வேண்டும். கண்ணாடியையும் சேர்த்தால் ஒரு பாட்டிலிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 90,000 ஜூல். ஒரு கிராம் ஐஸ் கரையும்போது 334 ஜூல் விழுங்கும். வகுத்துப் பார்த்தால் பாட்டிலுக்கு 270 கிராம் ஐஸ் வருகிறது.

இது ஏட்டுக் கணக்கு. தோப்பில் வாளி சூடு, காற்றின் சூடு, “இருக்கா பாக்கறேன்” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறக்கும் மச்சான் என்று எல்லாம் சேர்ந்து பாட்டிலுக்கு முக்கால் கிலோ ஆகிவிடும். பன்னிரண்டு பாட்டிலுக்கு ஒன்பது, பத்து கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்று நினைத்த வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடைநேரம் மதியம் 12 முதல் இரவு 10 வரை. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், மே தினம், திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் கடை கிடையாது. மே முதல் தேதி காய் பறிப்பு வைத்துக்கொண்டு அன்று காலையில் நினைவு வந்தால் யாரும் உதவ முடியாது. 21 வயது ஆகாதவரிடம் காசு கொடுத்து அனுப்பாதீர்கள், அது சட்டப்படி தவறு. ஓசூரில் இருப்பவர்களுக்கு கர்நாடகத்து அத்திப்பள்ளி தாண்டினால் வேறு ரகங்கள் கிடைக்கும் என்ற சபலம் இருக்கும். எல்லை தாண்டி வாங்கி வருவது குற்றம். சோதனைச் சாவடியில் மாட்டினால் விருந்து அங்கேயே முடிந்துவிடும்.

(இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அவர் பிறந்த தொரப்பள்ளியும் ஓசூர் பக்கம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். தாத்தா காலத்துப் பெரியவர்கள் கூடிய இடத்தில் பீர் பேச்சு எடுத்தால் இந்தக் கதை வராமல் இருக்காது.)

சரி, பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தயாரித்த தேதி. பீர் வைக்க வைக்க மெருகேறும் சரக்கு இல்லை. வெப்பம் ஏறினால் அது மூப்படையும் வேகமும் ஏறும். 35 டிகிரியில் கிடந்த பீர் சில வாரங்களிலேயே நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கத் தொடங்கும். வெயில் காலத்தில் புதுத் தேதியைத் தேடி வாங்குவது வீண் பிடிவாதமல்ல.

இரண்டாவது, ஆல்கஹால் அளவு. நம் ஊரில் “ஸ்ட்ராங்” என்றாலே மதிப்பு. என் கருத்து வேறு. 8% ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி விஸ்கி ஒரு ரவுண்டில் இருப்பது 26 மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு ஸ்ட்ராங் பாட்டில், இரண்டு லார்ஜுக்குச் சமம். தாகத்துக்கு மடமடவென்று இறக்கும் வெயிலில் அது யாரையும் மூன்று மணிக்கே மாமரத்தடியில் படுக்க வைத்துவிடும். 5%க்குள் இருக்கும் லாகர்தான் (வழக்கமான பொன்னிற பீர்) பகல் வெயிலுக்குச் சரி. சுவையும் லேசு, குளிர்ந்தால் நன்றாகவும் இருக்கும்.

பாட்டிலின் நிறமும் முக்கியம். பீரில் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் சாறு வெளிச்சம் பட்டால் மாறி, ஸ்கங்க் என்ற விலங்கை நினைவுபடுத்தும் ஒரு நாற்றம் வரும். பழுப்பு நிறக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. நேர் வெயிலில் சில நிமிடமே போதும். பச்சை பாட்டில் என்றால் பைக்கின் முன்னால் தொங்கவிட்டு வராதீர்கள். கேனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, குளிர்வதும் சீக்கிரம்.

ஒருமுறை குளிர்ந்து சூடாகி மறுபடி குளிர்ந்தால் பீர் கெட்டுவிடும் என்று சொல்வார்கள். அந்த ஒரு தடவையால் ஒன்றும் ஆகாது. சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் கணக்கு.

முந்தின நாள் இரவு

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிந்தால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். சென்னையில் பலிக்காத ஒரு வித்தை நம் பக்கம் பலிக்கும். கடல் இல்லாததால் நம் கோடைக் காற்று காய்ந்த காற்று. நனைந்த துணியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான்.

பாட்டில்களைச் சிமென்ட் தரையில் படுக்க வைத்து, நனைத்த கோணிச்சாக்கை மேலே போர்த்தி, ஜன்னல் பக்கமோ ஃபேன் அடியிலோ விட்டுவிடுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை சாக்கில் தண்ணீர் தெளியுங்கள். விடியற்காலையில் பாட்டில் 24 டிகிரிக்கு வந்திருக்கும். 30 டிகிரி இறக்க வேண்டிய இடத்தில் இனி 19 டிகிரி இறக்கினால் போதும். ஐஸ் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல்.

ஆனால் ஈரத்துணிக்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு நனைத்தாலும் 22, 23 டிகிரிக்குக் கீழே அது இறக்காது. அதனால்தான் ஐஸில் எடுத்த சில் பாட்டிலை ஈரத்துண்டால் சுற்றுவதில் பொருளில்லை. அதற்கு உலர்ந்த துண்டுதான் வேண்டும்.

அன்றிரவே இன்னொன்றும் செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கைந்தைக் கழுத்துக்குக் கீழே வரை நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் நான்கைந்து கிலோ ஐஸ் வீட்டிலேயே தயார். கரைந்த பிறகு அதுவே குடிதண்ணீர்.

ஐஸ் தொட்டி

இனி முக்கியமான கட்டம். மீன்காரரிடம் கேட்டால் தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்தால் வாடை போய்விடும். பெட்டி கிடைக்காவிட்டால் பெரிய பிளாஸ்டிக் டப்பைச் சுற்றி வைக்கோல் அடைத்து, மேலே சாக்கு மூடினாலும் போதும். ஐஸ் பாளத்தை மரத்தூளிலும் உமியிலும் புதைத்து வைப்பார்களே, அதே தத்துவம்தான்.

பாளம் வாங்கினால் சாக்கில் கட்டி உலக்கையால் எலுமிச்சை அளவுக்கு உடையுங்கள். தொட்டியில் பாட்டில்களை நிற்க வைத்து, இடையில் ஐஸைக் கொட்டி, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். பாட்டிலின் கழுத்துவரை தண்ணீர் ஏற வேண்டும். இங்கேதான் எல்லோரும் தடுப்பார்கள். “தண்ணி ஊத்தினா ஐஸ் கரைஞ்சிடும்டா” என்று சித்தப்பா ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். கரையட்டும். கரைந்தால்தான் சூட்டை இழுக்கும். வெறும் ஐஸ் துண்டுகள் பாட்டிலை அங்கங்கே தொடும், மிச்ச இடமெல்லாம் காற்று. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதுவும் பாட்டிலைச் சுற்றி ஓர் இடம் விடாமல் தொட்டுக்கொண்டு நிற்கும்.

அவசரம் என்றால் கல்லுப்பு. ஐந்து கிலோ ஐஸுக்கு அரை கிலோ கல்லுப்பைத் தூவிக் கலக்குங்கள். உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். குல்பி ஐஸ் வண்டிக்காரர்கள் காலம் காலமாகச் செய்வது இதுதான். பாட்டிலை இடையிடையே திருகிவிட்டுக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் தயார், கேன் என்றால் பத்தே நிமிடம். குலுக்கக் கூடாது, திருக வேண்டும். உப்பு போடாத ஐஸ் தண்ணீர் என்றால் பாட்டிலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இதே வேலைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

உப்புத் தொட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. 5% பீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 2 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். முதல் வட்டம் தயாரானதும் உப்பில்லாத ஐஸ் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். அதில் மாலைவரை கிடந்தாலும் உறையாது.

ஐஸைக் கிளாஸுக்குள் போடலாமா என்றும் கேட்பார்கள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் பீரில் ஐஸ் போட்டுத்தான் குடிக்கிறார்கள், நம் வெயிலுக்கும் அது ஒன்றும் பாவமில்லை. ஆனால் மீனுக்கு வைக்கும் பாளம் ஐஸ் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது. சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கிளாஸுக்குள் போடுவது என்றால் வீட்டு ஃப்ரீசர் ஐஸ் மட்டும். தொட்டியிலிருந்து எடுத்த பாட்டிலின் வாயையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் திறங்கள்.

ஃப்ரீசர் பற்றி ஒரு சொந்தக் கதை

ஒரு வருடம் ஐஸ் கிடைக்கவில்லை. ஆறு பாட்டிலை வீட்டு ஃப்ரீசரில் திணித்துவிட்டுத் தோப்புக்குப் போனேன். அங்கே எடைபோட வந்த வியாபாரியோடு விலை பேசுவதில் மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தால் நான்கு பாட்டில் வெடித்து, கண்ணாடித் தூளும் பீர்ப் பனியுமாக ஃப்ரீசர் முழுக்க அப்பியிருந்தது. அம்மா வைத்திருந்த அரைத்த தேங்காய், இட்லி மாவு எல்லாம் குப்பைக்குப் போயின. தண்ணீர் உறையும்போது 9% விரியும், பாட்டிலுக்குள் விரிய இடமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தப்பித்த இரண்டில் ஒன்றை எடுத்து மேசையில் டக்கென்று வைத்தேன். கண்ணெதிரே முழுப் பாட்டிலும் கூழாக உறைந்தது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் காத்திருந்த பீர் ஒரு தட்டுக்கே அப்படி ஆகிவிடும். பிள்ளைகள் கைதட்டினார்கள், அம்மா தட்டவில்லை. ஃப்ரீசர் பயன்படுத்தினால் கைபேசியில் 45 நிமிட அலாரம் வைத்துவிட்டு மூடுங்கள்.

கிளாஸும் ஊற்றுவதும்

பீர் நுரைக்கு எதிரி எண்ணெய். மீன் வறுத்த கையோடு கழுவிய டம்ளரில் ஊற்றினால் நுரை எழுந்த வேகத்தில் செத்துவிடும். சோப்பு சரியாகப் போகாவிட்டாலும் அதே கதைதான். கிளாஸை உப்பு போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை தண்ணீரில் அலசி, ஐஸ் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் தவறில்லை, ஆனால் கைச்சூடு உடனே உள்ளே போய்விடும். கண்ணாடிக் கிளாஸே நல்லது.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக முக்கால் பங்கு ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரற்கடை நுரை நிற்கும். வண்டியில் குலுங்கி வந்த பாட்டிலைக் கால் மணி நேரமாவது அசையாமல் வைத்துவிட்டுத் திறங்கள். சூடான பீர் பொங்கி வழிவதற்குக் காரணம் உண்டு. 5 டிகிரியில் கரைந்து நிற்கும் வாயுவில் பாதியைக்கூட 35 டிகிரியில் பீரால் பிடித்து வைக்க முடியாது. திறந்ததும் வெளியே பாயத்தான் செய்யும்.

நம் ஊர் வெயிலுக்கு நான் வைத்திருக்கும் ஒரு கட்டாய விதி: ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில் என்று கையில் கொடுக்காதீர்கள். 650 மில்லி என்பது குளிர்ந்த நாட்டுக்காரருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே 38 டிகிரி நிழலில் பாதி குடிப்பதற்குள் மீதி வெந்நீராகிவிடும். பாட்டில் வெளியே வேர்க்கிறதே, அது அழகுதான். ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் அங்கே தண்ணீராகும்போது தன் சூட்டையும் உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே சின்னக் கிளாஸ், 200 மில்லி, மூன்று பேருக்கு ஒரு பாட்டில். தீர்ந்ததும் தொட்டியிலிருந்து அடுத்தது. கடைசிச் சொட்டுவரை எல்லோருக்கும் சில்லென்று கிடைக்கும். “என்னப்பா, காபி டம்ளர்ல ஊத்தற” என்று முதல் வட்டத்தில் கேலி செய்த பெரிய மாமா, இப்போது தன் வீட்டு விசேஷத்துக்கும் இதே கிளாஸைக் கேட்டு ஆள் அனுப்புகிறார்.

ரொம்பவும் குளிர வைப்பதும் தப்புதான். பூஜ்ஜியத்தை ஒட்டி இறக்கினால் நாக்கு மரத்துப் போகும், எந்த பீரும் சோடா மாதிரியே இருக்கும். லாகருக்கு 4 முதல் 6 டிகிரி. கோதுமை பீர் கிடைத்தால் ஒன்றிரண்டு டிகிரி கூடவே இருக்கலாம். கறுப்பு ஸ்டவுட் 10 டிகிரியில்தான் வாசம் காட்டும், ஆனால் அதை மே மாதத்தில் குடிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

தொட்டுக்க

மாங்காய்க் காலத்தில் வேறெங்கும் தேட வேண்டாம். கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவுங்கள். நம் பக்கம் பெங்களூரா என்று சொல்வோமே, அதேதான். கூழ் ஆலைக்குப் போகும் அந்தக் காய்க்கு லாகரின் லேசான கசப்பு பிரமாதமாகச் சேரும். அவித்த நிலக்கடலை, கொள்ளுச் சுண்டல், வெள்ளரிக்காய், ராயக்கோட்டைத் தக்காளியும் வெங்காயமும் நறுக்கி எலுமிச்சை பிழிந்தது, எல்லாமே சரிதான். ஒகேனக்கல் பாணியில் மசாலா தடவி வறுத்த மீன் இருந்தால் மற்றதை யாரும் தொடமாட்டார்கள். காரத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். பீரின் வாயுவே நாக்கைக் கடிக்கும், அதோடு காரம் சேர்ந்தால் தணிக்க இன்னும் குடிக்கத் தோன்றும்.

தண்ணீர், வண்டி, ஆறு

பீர் தாகம் தீர்க்கிற மாதிரித்தான் இருக்கும். உண்மையில் ஆல்கஹால், உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை அடக்கி, வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியேற்ற வைக்கும். அதனால் முதல் கிளாஸுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். காலையிலிருந்து மரமேறிக் காய் பறித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, நிழலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்த பிறகு கொடுப்பதுதான் நியாயம். சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர், வேண்டாம் என்று கை காட்டுபவர் யாரையும் வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்காகத் தொட்டியில் நான்கு பன்னீர் சோடாவும் கிடக்கட்டும்.

வண்டிச் சாவிகளை முதல் பாட்டில் திறப்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் சட்டப்படி குற்றம், பலருக்கு ஒரு ஸ்ட்ராங் பாட்டிலே அதைத் தாண்ட வைக்கும். சேலம் பக்கம் திரும்பிப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம் குடிக்காமல் ஓட்டினாலே கஷ்டம். ராத்தங்கச் சொல்லிப் பாய் போடுங்கள்.

ஒகேனக்கல் ஆற்றங்கரையிலோ கே.ஆர்.பி. அணைப் பக்கமோ கொண்டுபோய்க் குடிக்கும் யோசனையை யாராவது எடுத்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள். பொது இடத்தில் குடிப்பது குற்றம் என்பது ஒருபுறம். காவிரிப் பாறை வழுக்கும், சுழல் எங்கே என்று நிதானத்தில் இருப்பவருக்கே தெரியாது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானைக் காலில் ஏறும்.

மறுநாள் காலை

காலி பாட்டில்களை எண்ணி அதே பெட்டியில் அடுக்குங்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. அதற்காகப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும், ஐஸ் தண்ணீரில் ஊறி உரிந்திருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் மிஞ்சிய தண்ணீரில் உப்பு இல்லையென்றால் மாமரத்துக்கு ஊற்றலாம். உப்பு போட்டிருந்தால் எந்தச் செடி வேரிலும் ஊற்றாதீர்கள், சாக்கடையில் விடுங்கள். நான் ஒருமுறை யோசிக்காமல் கொல்லைப்புறத்தில் சாய்த்துவிட்டேன். பத்து நாளில் கறிவேப்பிலைச் செடி மொட்டையாக நின்றது. ஃப்ரீசர் விஷயத்தைக்கூட மறந்துவிட்ட அம்மா, ரசம் தாளிக்கும்போதெல்லாம் இதை மட்டும் இன்னும் கேட்கிறார்.